வாய்தா தேதியும் பழைய ஆதாரமும்: எல்லையோர வக்கீல் ஒருத்தியின் மேசை நடைமுறை

போன வாரம் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாளில், மலையாளத்தில் எழுதிய ஒற்றி ஆதாரம் (பத்திரத்தை எங்கள் பக்கம் ஆதாரம் என்போம்). "மக்ளே, இத நீயே வச்சுக்க. வீட்டுல இருந்தா செதல் தின்னுரும்" என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை. அவர் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து, இரண்டு பிரதி எடுத்து, அசலைத் திருப்பிக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் அசலைச் சான்றாவணமாக எண்ணிட்டுக் குறியீடு செய்யும் நாளன்று கொண்டுவந்தால் போதும்.

தமிழ்நாடு-கேரள எல்லையோரக் குழித்துறையில் பதினெட்டு வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். இங்கே ஒரு குடும்பத்துக்கு வீடு மார்த்தாண்டத்தில் இருக்கும், தென்னந்தோப்பு கேரளத்துப் பாறசாலையில் இருக்கும். சொத்து இருக்கும் இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதால் பாதி நாள் நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறுகிறேன். உயர் நீதிமன்றம் என்றால் இந்தப் பக்கம் மதுரைக் கிளை, அந்தப் பக்கம் எர்ணாகுளம். இப்படி ஓடுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று ஜூனியர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: தேதி தவறக் கூடாது, கட்சிக்காரரின் ஆதாரம் கெடக் கூடாது. முதலில் இந்த இரண்டுக்கும் வழி செய்யுங்கள். மற்ற வசதியெல்லாம் பிறகு வரட்டும்.

ஆதாரத்தை ஸ்கேன் செய்வதில் பலர் செய்யும் தப்பு, முன்பக்கத்தோடு நிறுத்திவிடுவது. சார்பதிவாளர் எழுதிய பதிவுக் குறிப்பு, கைரேகை, சாட்சி கையெழுத்து எல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். வெற்றுப் பக்கம் என்றாலும் எடுத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய மையும் ஊதா நிற முத்திரையும் மறைந்துபோகும், அதனால் கலரில், 300 டிபிஐயில் எடுங்கள். போனில் எடுப்பதானால் ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். மடிப்பில் கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவும் விடாதீர்கள். லேமினேட் செய்த ஆதாரத்தில் மை, தாள் எதையும் பிறகு சரியாகப் பரிசோதிக்க முடியாது.

அடுத்தது கோப்புக்குப் பெயர் வைப்பது. "ஸ்கேன் 14" என்று விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து அது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. நான் முதலில் வருடம், மாதம், நாள், பிறகு கட்சிக்காரர் பெயர், பிறகு என்ன ஆவணம், கடைசியில் சர்வே எண் என்று எழுதுவேன். வருடம் முன்னால் இருந்தால் கோப்புகள் தானாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும். பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையுமே போடுங்கள். முன்னாதாரத்தில், அதாவது முந்தைய பத்திரத்தில், பழைய எண் இருக்கும், கரம் (நில வரி) ரசீதில் புதிய எண் இருக்கும். ஒன்றை மட்டும் தேடினால் பாதி ஆவணம் கண்ணில் படாது.

இந்த வரிசைக்கு எங்கள் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய ஆதாரங்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டுதான் எழுதியிருக்கும். ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆண்டின் முதல் மாதமான சிங்ஙம் முதல் தனு மாதம் நடு வரைக்கும் 824ஐக் கூட்டுங்கள். ஜனவரி பிறந்தபின் வரும் நாட்களுக்கு 825ஐக் கூட்டுங்கள். சரிபார்க்க எனக்கு ஒரு தேதி மனப்பாடம்: திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12. கோப்பின் பெயரில் ஆங்கிலத் தேதியைப் போட்டுவிட்டு, கொல்லம் தேதியை அப்படியே குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கூண்டில் நிற்கும் முதியவர் கொல்லம் தேதியைத்தான் சொல்வார்.

மலையாளம் படிக்கத் தெரியாத ஜூனியர்கள் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். என்ன விஷயம் என்று தோராயமாகப் பிடிபட அது உதவும், தப்பில்லை. ஆனால் மலையாள எழுத்தை 1971இல் சீர்திருத்தினார்கள். அதற்கு முந்தைய கூட்டெழுத்தும் கையெழுத்தும் கலந்த ஆதாரத்தில் போன் தடுமாறும். மலையாள எண்களில் எழுதிய அளவுகளிலும் தடுமாறும். நான்கெல்லையில் ஒரு சொல் மாறினால் வழக்கே மாறிவிடும். அதனால் அந்த எழுத்தில் பழகிய ஆதாரம் எழுத்தர் ஒருவரை உட்கார வைத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லித்தான் நான் எழுதிக்கொள்கிறேன்.

தேதிக்கு வருவோம். என் மூன்றாம் வருடத்தில் ஒரு வாய்தா தவறியது. சீனியரின் டைரி ஒன்றே ஒன்றுதான். அது பஸ்ஸில் நனைந்து மை ஓடிப்போனது. எதிர்வழக்குரை, அதாவது வழக்குக்கு எங்கள் பதில், போட வேண்டிய நாளைத் தப்பாகப் படித்துவிட்டேன், எங்கள் கட்சிக்காரர் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டார், அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடந்தது. அதை ரத்து செய்ய மனு, செலவுத் தொகை, ஏழெட்டு மாத அலைச்சல். அவர் தேங்காய் வெட்டித்தான் அந்தப் பணத்தைக் கட்டினார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது காகித டைரி ஒன்று, போன் காலண்டர் ஒன்று, குமாஸ்தாவின் போனிலும் அதே காலண்டர். நீதிமன்றத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே, காபி குடிக்கும் முன் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்கையும் அதன் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணோடு (வழக்குக்கு உரிய தனி அடையாள எண்) சேமித்து வைத்திருக்கிறேன். டிஎன் என்று தொடங்கினால் நம் பக்கம், கேஎல் என்றால் அந்தப் பக்கம். சேமித்த பட்டியல் அந்தப் போனுக்குள்ளேயே இருப்பது, அதனால் போன் மாற்றும் முன் அதை எக்ஸ்போர்ட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள். செயலி காட்டும் தேதி மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பதிவேற்றம் தாமதமாகும் நாளும் உண்டு.

வாய்தாவைவிடக் கடினம் காலவரம்பு, அதாவது ஒன்றைத் தாக்கல் செய்யச் சட்டம் தரும் கெடு. அதை எந்தச் செயலியும் உங்களுக்காகக் கணக்குப் போடாது. சம்மன் கையில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் எதிர்வழக்குரைக்கு, நீதிமன்றம் நீட்டித்தால் 90 வரை. சிவில் தீர்ப்பின் மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். இதில் நகல் எடுக்கத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு நகல் மனு போட்ட நாள், முத்திரைத் தாள் கேட்ட நாள், நகல் தயாரான நாள் மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். காசோலை வழக்கில் வங்கி திருப்பிய தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்தபின் எதிராளிக்குப் பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். தபால் டிராக்கிங் பக்கத்தை, சேர்ந்ததாகக் காட்டிய அன்றே பிரிண்ட் எடுங்கள். சில காலம் போனால் அது இணையத்தில் கிடைக்காது.

ஒவ்வொன்றுக்கும் காலண்டரில் இரண்டு நாள் குறிப்பேன்: உண்மையான கடைசி நாள் சிவப்பில், அதற்குப் பத்து நாள் முன்னால் என் நாள் பச்சையில். விடுமுறைகளைத் தனி நிறத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஓணத்துக்கு அங்கே பூட்டு, பொங்கலுக்கு இங்கே பூட்டு, கோடை விடுமுறையும் இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதில்லை. கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி ஒத்திப்போடுவதை நான் விரும்புவதில்லை.

மின்தாக்கலை, அதாவது மனுவை இணையம் வழியே போடுவதைப் பற்றிப் பயம் வேண்டாம். கொல்லத்தில் 2024இல் காசோலை வழக்குகளுக்கென்றே காகிதமில்லா நீதிமன்றம் தொடங்கிவிட்டார்கள், இது இனி எல்லா இடத்துக்கும் வரும். மனுவை ஒருங்குறியில் (யூனிகோடு) டைப் செய்யச் சொல்லுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால் வேறு கம்ப்யூட்டரில் கோழிக் கிறுக்கலாகத் தெரியும், "ஒற்றி" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. டைப் செய்த கோப்பை நேராகவே பிடிஎஃப் ஆக்குங்கள். பிரிண்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் அது வெறும் படம்தான், தேட முடியாது.

வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியமாகக் கொண்டுவரும் கட்சிக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது: போனை விற்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இரண்டு பகுதி. ஒன்றைக் கருவிக்கு உரியவர் தர வேண்டும், மற்றொன்றை நிபுணர் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும். அதனால் சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, அன்றே ஹாஷ் எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள்.

ரகசியம் காப்பதும் நம் கடமைதான். ஒருமுறை பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தபடியே கிடந்தது. நல்லவேளை, ஒரு மணி நேரத்தில் கவனித்துவிட்டோம். அன்றே ஒரு சின்ன பிரிண்டர் வாங்கினேன். சனிக்கிழமைதோறும் இணைத்த கருவிகளின் பட்டியலைப் பார்த்து, தெரியாததை நீக்குகிறோம். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்குச் செயற்கை நுண்ணறிவு குறித்து ஒரு கொள்கை வெளியிட்டது. தீர்ப்பு முடிவு செய்ய அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. அது நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் எழுதியது. ஆனாலும் நானும் கட்சிக்காரர் பெயரையோ சர்வே எண்ணையோ செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போடுவதில்லை. அது எடுத்துத் தரும் முன்தீர்ப்பை (முன்னுதாரணத் தீர்ப்பை) மூலத்தில் படித்துப் பார்க்காமல் வாதத்தில் சொல்வதும் இல்லை.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அலுவலகத்தின் ஓடு பறந்து மழை நேரே அலமாரிக்குள் இறங்கியது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நனைந்த கட்டுகளைத் திண்ணையில் விரித்துக் காயப்போட்டோம், சில தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி: லேப்டாப்பில் ஒன்று, வீட்டில் பாஸ்வேர்டு போட்ட ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்து புதுப்பித்து, அன்றே வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்தும் பார்ப்பேன்.

பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வைத்து, ஸ்டீல் பீரோவில் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதை உடைத்து, டைரியில் அடுத்த பத்து நாள் வழக்குகளை முதலில் பார்க்கச் சொல்லி என் ஜூனியரிடமும் குமாஸ்தாவிடமும் சொல்லியிருக்கிறேன். பாஸ்வேர்டு மாற்றும்போதெல்லாம் உறையும் மாறும்.