தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வருகிறீர்களா? கேனானா, நிக்கானா?

குடும்பப் படங்களுக்காக டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றிக்கொள்ளும் கேமரா) ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்கு வர நினைப்பவர்கள் பலர் கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவில்தான் திணறுகிறார்கள்: 2019-இல் வந்த கேனான் 200டி மார்க் 2, 2016-இல் வந்த நிக்கான் டி5600. கேனான் மாடலை ஐரோப்பாவில் 250டி என்றும் அமெரிக்காவில் ரெபெல் எஸ்எல்3 என்றும் விற்றார்கள். பெயர்தான் வேறு, கேமரா ஒன்றுதான்.

விவரப் பட்டியலை வைத்துப் பார்த்தால் முடிவே எடுக்க முடியாது. இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டும் நொடிக்கு 5 படம், இரண்டிலும் திருப்பி மடக்கும் தொடுதிரை. எடைகூட 449 கிராம், 465 கிராம்.

அதனால் கேமரா யார் கையில் இருக்கப்போகிறது என்று யோசியுங்கள். ஊரில் அது உங்கள் கையில் மட்டும் இருக்காது. குலதெய்வம் கோயிலில் காது குத்து, நீங்கள்தான் தாய்மாமன், குழந்தை உங்கள் மடியில். அப்போது கேமராவைச் சித்தப்பா மகனிடம் கொடுப்பீர்கள். அவன் வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்க மாட்டான். போனில் எடுத்த பழக்கத்தில் திரையைப் பார்த்துத்தான் எடுப்பான்.

வித்தியாசம் அங்கேதான் தெரியும். கேனானின் சென்சாரில், அதாவது படம் பதியும் சில்லில், ஒவ்வொரு பிக்சலும் இரண்டு பாதியாக இருக்கிறது. இரண்டு பாதியும் பார்ப்பதை ஒப்பிட்டு, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா கணக்குப் போட்டுவிடுகிறது. திரையில் முகத்தைத் தொட்டால் போதும், ஃபோகஸ் உடனே நிற்கும். நிக்கான் திரை வழியாக எடுக்கும்போது லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டித் தேடித்தான் நிற்கிறது. காது குத்துகிற அந்த நொடியில் குழந்தை வீறிட்டுத் தலையைத் திருப்பினால் தவறிவிடும்.

வ்யூஃபைண்டரில் கண் வைத்து நீங்களே எடுப்பவர் என்றால் கதை வேறு. நிக்கானில் 39 ஃபோகஸ் புள்ளிகள், கேனானில் 9 மட்டும். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் ஓடுகிற பிள்ளைகளையோ, பொங்கல் சமயத்தில் எருது விடும் விழாவையோ எடுப்பதற்கு நிக்கான்தான் கைகொடுக்கும்.

என்னைக் கேட்டால், பலர் கைமாறி எடுக்கப்போகிற ஊர்ப் பயணத்துக்குக் கேனான். ஆனால் வீட்டில் யாராவது நிக்கான் லென்ஸ் வைத்திருந்தால் அந்தப் பக்கமே போங்கள். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று போட்ட லென்ஸ்களில்தான் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். மாமா பீரோவில் இருக்கும் பழைய நிக்கான் 50 எம்எம் 1.8டி லென்ஸ் பொருந்தும், ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். கேனானிலும் ஒரு குறை உண்டு. மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், ஃபிளாஷுக்குச் சைகை கொடுக்கும் நடு பின் இல்லை. ஊர் ஸ்டுடியோக்காரரின் சாதாரண ஃபிளாஷையோ, தள்ளி வைத்த ஃபிளாஷை அடிக்கவைக்கும் டிரிக்கரையோ இரவல் வாங்கினால் அடிக்காது.

அப்புறம் லென்ஸ். கேமரா உடலை விட இதில் காசு போடுங்கள். ஓட்டு வீட்டுக்குள், பகலிலும் இருட்டாக இருக்கும் சமையல்கட்டில் ஆயா களி கிண்டுவதை கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் எடுத்தால் கை அசைந்த படம்தான் வரும். அந்த லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் துளை எஃப்/5.6. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். இந்த விஷயத்தில் நிக்கானின் 35 எம்எம் எஃப்/1.8 அருமையான லென்ஸ், சின்ன அறைக்கும் பொருந்தும். கேனானில் 50 எம்எம் எஃப்/1.8 கிடைக்கும். ஆனால் சின்ன வீட்டில் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொள்வீர்கள். 24 எம்எம் எஃப்/2.8 வசதியான அகலம், வெளிச்சம் சற்றுக் குறைவு.

வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர்கள் வரிசையாக நின்றால் எந்த கேமராவும் ஏமாறும். வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகங்கள் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 ஏற்றி ஒரு படம் எடுத்து, வேட்டியைப் பார்க்காமல் தாத்தாவின் கன்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுருக்கங்கள் தெளிவாகத் தெரிந்தால் சரி. மாந்தோப்பு நிழலில் முகத்தில் பச்சை ஏறும். வொயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) திருத்தத்தில் மெஜந்தா பக்கம் சற்று நகர்த்தினால் நிறம் தேறும்.

ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறும்போது கேமராவைக் கழுத்தில் தொங்கவிடாதீர்கள். இரண்டுமே தண்ணீர் தாங்காதவை, அருவிச் சாரல் நன்றாகவே தெறிக்கும். பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போய், பாறைப் பக்கம் ஒதுங்கியதும் எடுங்கள். பரிசலுக்குள் லென்ஸ் மாற்றவே கூடாது.

வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் கேனான் பேட்டரி 1070 படம் வரை, நிக்கான் 970 வரை தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. திரை வழியாக எடுத்தால் கேனானே சுமார் 320-க்கு இறங்கிவிடும். அதனால் கேனான் எடுப்பவர்கள் இரண்டாவது பேட்டரி வாங்கியே ஆக வேண்டும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்து வருபவர்கள் வீடியோவை நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மாற்றாவிட்டால் மண்டபத்து டியூப்லைட் வீடியோவில் துடிக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கலர் லேபில் படங்களைக் கொடுத்துவிடுங்கள். 12-க்கு 18 அங்குலம் வரை இரண்டு கேமராவிலும் தெளிவாக வரும். 4-க்கு 6, 12-க்கு 18 என்று கேளுங்கள். இவை கேமராவின் 3-க்கு 2 அளவோடு ஒத்துப்போவதால் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர்கள் வெட்டுப்பட மாட்டார்கள். 8-க்கு 10 கேட்டால் வெட்டுப்படும்.