நூலகத்துக்கு ஏசி, மொட்டை மாடியில் சோலார்: முதல் முறை செய்பவர்களுக்கு

எங்கள் ஊர் நூலகத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை 10 மணிக்கே இடம் பிடித்துவிடுவார்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் மதியம் 1 மணி ஆனதும் ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவார்கள். மேலே வெறும் கான்கிரீட் தளம். ஃபேன் சுற்றினால் அனல்தான் இறங்கும். ஏசி போடலாம் என்று பேச்சு வந்தபோது "கரண்ட் பில்லை யார் கட்டுவது?" என்ற கேள்வியும் கூடவே வந்தது. அப்படித்தான் சோலார் கணக்கைக் கற்றுக்கொண்டேன். நூலகம், பஞ்சாயத்து அலுவலகம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் என எந்தப் பொதுக் கட்டடத்துக்கும் இதே கணக்குதான். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைவிடப் பொதுக் கட்டடத்துக்குத்தான் சோலார் ஏசி நன்றாகப் பொருந்தும். வீட்டு ஏசி ஓடுவது ராத்திரியில், அப்போது சூரியன் இல்லை. அலுவலகமும் நூலகமும் இயங்குவது பகலில். வெயில் ஏற ஏற ஹால் சூடாகிறது, அதே வெயிலில் பேனலும் அதிகம் உற்பத்தி செய்கிறது. தேவையும் வரவும் ஒரே நேரத்தில் வருவதால், செலவில் பெரும்பங்கை விழுங்கும் பேட்டரி இல்லாமலே சமாளிக்கலாம்.

படி 1: ஏசியை மறந்துவிட்டு மாடிக்கு ஏறுங்கள்

மே மாதம் பிற்பகல் 2 மணிக்கு ஏறுங்கள், செருப்போடு. அந்தத் தளம் குடித்து வைத்திருக்கும் வெப்பம்தான் மாலை வரை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. பேனலுக்கும் ஏசிக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை:

- தளத்துக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு. காசு குறைவென்றால் சுண்ணாம்பே போதும், ஆனால் ஒவ்வொரு கோடைக்கு முன்னும் மறுபடி அடிக்க வேண்டும்.
- மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு வெளிப்புறமாக நிழல். உள்ளே திரை போடுவது இரண்டாம்பட்சம்தான், வெப்பம் கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது.
- பழைய ஃபேன்களுக்குப் பதில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன். பழையது 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும்.
- கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைப்பது.

இன்னொரு லாபமும் உண்டு. பேனல்களைத் தளத்திலிருந்து சற்று உயர்த்திப் பொருத்தினால் அவையே மாடிக்குப் பந்தலாகிவிடும். கீழே காற்றும் ஓடும், தளமும் முன்போலக் கொதிக்காது.

படி 2: எத்தனை டன் வேண்டும்?

ஒரு அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம்தான் ஏசியின் "1 டன்". இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன்.

எங்கள் வாசிப்பு ஹால் 20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி. மேல்தளமாக இருந்து கூரைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையென்றால் 120 சதுர அடிக்கு 1 டன் என்று வைத்துக்கொள்ளலாம், 5 டன் வரும். கூரையைச் சரிசெய்தபின் 150 சதுர அடிக்கு 1 டன், 4 டன் போதும். முதல் படியிலேயே 1 டன் மிச்சம்!

ஆனால் ஆட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். சிலரின் வெப்பம் சதுர அடிக் கணக்கிலேயே அடங்கிவிடும் என்பதால், 25 பேர் கூடும் ஹாலுக்கு அரை டன் கூடுதலாக வைப்பது நல்லது. ஆக 4.5 டன். ஒரே பெரிய இயந்திரத்தைவிட 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி மூன்று வாங்குவதுதான் என் சிபாரிசு. காலையில் இரண்டு ஓடினால் போதும். ஒன்று பழுதானாலும் ஹாலை மூட வேண்டியதில்லை. மும்முனை மின்சாரத்தில் முனைக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கவும் வசதி.

5 நட்சத்திரம் உள்ளதையே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஏசி இழுக்கும் மின்சாரம் குறையக் குறைய மாடியில் பேனலும் குறையும்.

படி 3: யூனிட் கணக்கு

1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி முழு வேகத்தில் ஏறக்குறைய 1.5 கிலோவாட் இழுக்கும். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் வேகம் குறைந்துவிடும் என்பதால் சராசரியாக 1 கிலோவாட் என்று எடுத்துக்கொள்ளலாம். காலை 10 முதல் மாலை 5 வரை 7 மணி நேரம். 1 கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

ஏசி: 3 × 1 × 7 = 21 யூனிட்.
ஃபேன், விளக்கு, இரண்டு கணினி: சுமார் 4 யூனிட்.
மொத்தம்: நாளுக்கு 25 யூனிட்.

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 25-ஐ 4-ஆல் வகுத்தால் 6.25 கிலோவாட். 550 வாட் பேனல் 12 வைத்தால் 6.6 கிலோவாட், சரியாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உற்பத்தி படுத்துவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். படுக்கும். ஆனால் அப்போது ஏசியை யார் போடப்போகிறார்கள்?

கோடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. அதன் திறன் 25 டிகிரியில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். வேலூர் அக்கினி நட்சத்திரத்தில் பேனலின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது 12 சதவீதத்துக்கு மேல் காணாமல் போய்விடும். பேனலுக்குக் கீழே காற்றோட்டம் விடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

செலவே இல்லாமல் யூனிட்டைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ரிமோட்டை 26-இல் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள். 1 டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது, ஏசிக்கு நட்சத்திரக் குறி தரும் மத்திய அரசு அமைப்பான எரிசக்தித் திறன் பணியகத்தின் (BEE) கணக்கு. நாட்டில் விற்கும் அறை ஏசிகளை 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைத்திருப்பதும் இதற்காகத்தான். 18-இல் வைத்துவிட்டுச் சால்வை போர்த்திக்கொள்ளும் அலுவலகங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

படி 4: நிழலைத் தேடுங்கள்

1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் எங்களுக்கு 660 சதுர அடி வேண்டும். ஹாலோடு சேர்த்து மொத்த மாடி 900 சதுர அடி, அதனால் பிழைத்தோம். ஆனால் இடம் இருப்பது வேறு, நிழலில்லாத இடம் இருப்பது வேறு.

பேனல்களை வரிசையாகத் தொடுத்திருப்பார்கள். ஒன்றின் மீது தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தி அடிவாங்கும். காலை 9, நண்பகல், பிற்பகல் 3 என மூன்று வேளையும் மாடிக்குப் போய்ச் சாக்பீஸால் நிழலின் எல்லையைக் கோடு போடுங்கள். ஒப்பந்ததாரர் போனில் காட்டும் வரைபடத்தைவிட அந்தக் கோட்டை நம்பலாம்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. பேனலைத் தெற்கு பார்த்து வைக்க வேண்டும், தெற்கே மரமோ கட்டடமோ இருக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் சென்னை 13 டிகிரி, கன்னியாகுமரி 8 டிகிரி வடக்கில்தான் இருக்கின்றன. ஜூன் மாதத்தில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். ஆகவே வடக்குப் பக்கத் தொட்டியும் சிக்கல்தான். டிசம்பர் நிழலை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

சாய்வு 10 முதல் 13 டிகிரி போதும். படுக்கையாக வைத்தால் மழைத் தண்ணீர் வழியாமல் ஓரத்தில் சேறு தங்கிவிடும்.

தாங்கு சட்டத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா சென்னையை என்ன செய்தது, 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக் கட்டுமானங்களுக்கான அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். "இந்த வேகத்தைத் தாங்கும்" என்று கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு, கான்கிரீட் பீடத்தில் போல்ட். கடலோரமென்றால் துருவுக்காக இன்னும் கவனம். பழைய கட்டடமென்றால் அந்தப் பொறியாளர் தளத்தின் வலுவையும் பார்த்துச் சொல்லட்டும்.

படி 5: கரண்ட் போனால் என்ன ஆகும்?

எங்களுக்குச் சூடு போட்ட இடம் இதுதான். எல்லாம் பொருத்தி இரண்டாவது வாரம் நூலகரிடமிருந்து போன். "சார், மேலே வெயில் கொளுத்துது, கீழே ஒரு ஃபேன்கூட ஓடலை!"

பழுது ஒன்றும் இல்லை. பேனல் தரும் மின்சாரத்தைக் கட்டடத்துக்கு ஏற்றபடி மாற்றும் கருவிக்கும் இன்வெர்ட்டர் என்றுதான் பெயர், ஏசியில் இருப்பது வேறு. மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், கம்பியில் கரண்ட் இல்லையென்றால் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் மாடி மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். விற்றவர் இதைச் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மின்வெட்டு குறைவான ஊரென்றால் ஆன்-கிரிட் மட்டும் போதும், இருப்பதிலேயே மலிவும் இதுதான். அடிக்கடி போகும் என்றால், பேட்டரியோடும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரோடு சிறிய லித்தியம் பேட்டரி வைத்து, ஃபேன், விளக்கு, கணினியை மட்டும் அதில் இணையுங்கள். ஏசியையும் பேட்டரியில் ஓட்டுவது மூன்றாவது வழி. ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அறை, பிரசவ அறை மாதிரி இடங்களைத் தவிர வேறெங்கும் அதற்குச் செலவழிக்க மாட்டேன்.

படி 6: மின்வாரியத்தில்

பிரிவு அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு? சோலாரின் திறன் அதைத் தாண்டக் கூடாது. மூன்று ஏசி சேர்வதால் எப்படியும் அதை உயர்த்த வேண்டியிருக்கும், மும்முனை இணைப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் அலைச்சல் மிச்சம். இரண்டாவது, உங்கள் இணைப்பு வகைக்கு, மீதமாகும் யூனிட்டை எந்த முறையில் கணக்கிடுவார்கள்? யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது ஒரு முறை, குறைந்த விலை போட்டு வரவு வைப்பது இன்னொரு முறை. விடுமுறை நாளில் எங்கள் 12 பேனல் தரும் 26 யூனிட்டும் கம்பிக்குத்தான் போகும் என்பதால் இது முக்கியம்.

2015 ஆகஸ்ட் 18-இல் 12 மெகாவாட் சோலார் நிலையத்தைத் திறந்து, முழுக்கச் சூரிய சக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமான கொச்சியிலும் நடப்பது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். பகலில் மிஞ்சுவதைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு ராத்திரிக்குத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள்.

முதலுக்குப் பணம் இல்லையென்றால் ரெஸ்கோ முறையைப் பாருங்கள். நிறுவனம் தன் செலவில் பேனல் போடும், நீங்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கட்டினால் போதும். ஒப்பந்தம் 20, 25 ஆண்டு நீளும். ஆகவே இடையில் கூரையைப் பழுதுபார்க்க நேர்ந்தால் பேனலை யார் செலவில் இறக்குவது என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

படி 7: வெந்நீருக்கும் கதகதப்புக்கும்

சூடு வேண்டுமென்றால் வெயிலின் சூட்டையே பிடியுங்கள், மின்சாரமாக்கிவிட்டு மறுபடி சூடாக்க வேண்டாம். 100 லிட்டர் தண்ணீரை 27-இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 4 யூனிட் தேவை. அதைப் பேனலும் கீசருமாகச் செய்தால் 1 கிலோவாட், அதாவது 100 சதுர அடி மாடி போய்விடும். சோலார் வாட்டர் ஹீட்டர் என்றால் வெயிலின் சூட்டைப் பிடிக்கும் 2 சதுர மீட்டர் தகடு போதும், சுமார் 22 சதுர அடிதான். தகட்டுக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வகையும் உண்டு.

உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பா என்று பார்த்து வாங்குங்கள். உப்புத் தண்ணீர் தகட்டு வகையின் செம்புக் குழாய்களுக்குள் படிந்து அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய் வகையைச் சுத்தம் செய்வது எளிது. ஊட்டி மாதிரி உறைபனி விழும் இடத்துக்கும் அதுவே நல்லது. பம்ப் இல்லாத வகையில் வெந்நீர்த் தொட்டி தகட்டுக்கு மேலேயும், பச்சைத் தண்ணீர்த் தொட்டி அதற்கும் மேலேயும் இருக்க வேண்டும். இந்த உயரத்தை மறந்துவிட்டு, பிறகு தொட்டிக்கு மேடை கட்டுபவர்கள் அதிகம்.

ஊட்டி, கொடைக்கானல் அலுவலகங்களுக்கு அறையையே சூடாக்க வேண்டியிருக்கும். கம்பிச் சுருள் ஹீட்டர் 1 யூனிட் தின்று 1 யூனிட் வெப்பம் தரும். "ஹாட் அண்ட் கோல்ட்" ஏசி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துவருவதால், அதே 1 யூனிட்டுக்கு 3 யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். கணக்கு படி 3 மாதிரியே.

படி 8: கழுவுதல்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், மெல்லிய துணியும் தண்ணீரும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் உப்பென்றால் வெள்ளைத் திட்டு படியும், மழைநீரோ குடிநீரோ நல்லது. காக்கை எச்சத்தை அன்றன்றே துடைப்பது உத்தமம். இன்வெர்ட்டரில் தெரியும் அன்றைய யூனிட்டைத் தினமும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். வெயில் நாளில் 26-இலிருந்து 20-க்கு இறங்கினால் மேலே ஏதோ நடந்திருக்கிறது.

எங்கள் நோட்டில் அப்படி ஒரு மாதம் முழுக்க 19, 20 என்றே இருந்தது. காரணம் தேடினால், மாடிக் கதவுச் சாவியை வைத்திருந்த காவலர் மாறுதலாகிப் போய்விட்டார். யாரும் மேலே ஏறவே இல்லை. இப்போது சாவி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, நோட்டும் அங்கேயே.