மும்பை மழையில் வெளுத்துப்போன லேக்கர் பெயிண்ட்: என் அனுபவம்

செம்பூரில் ஜூலை மாத மழையின்போது 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டின் பாடிக்கு நான் அடித்த கறுப்பு லேக்கர் (வேகமாகக் காயும் பெயிண்ட்), காய்ந்ததும் சாம்பல் பூத்ததைப் போல வெளுத்துவிட்டது. லேக்கரிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விப்பதால், காற்றின் ஈரப்பதம் நுண்துளிகளாகப் படிந்து, பெயிண்ட் படலத்துக்குள் சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம்.

பெயிண்டை முழுவதும் உரித்துவிடும்படி மாட்டுங்கா நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்கு எதையும் உரித்துப் பார்ப்பதில் தனி ஆனந்தம். நான் அவ்வாறு செய்யாமல், மழை ஓய்ந்த ஒரு பிற்பகலில், ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த லேக்கர் தின்னரை மட்டும், பெயிண்ட் தூவும் சிறு கருவியான ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, முகமூடி அணிந்துகொண்டு, மிக மெல்லிய தூவலாக அடித்தேன். அது மேற்படலத்தை இளக்கி, தானும் மெதுவாக ஆவியாவதால், சிக்கிய ஈரம் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. கறுப்பு நிறம் கண்ணெதிரே திரும்பியது. கதவுக் கோடுகளில் தின்னர் தேங்கினால் அடியிலுள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கே கரையத் தொடங்கும் என்பதால், ஒவ்வொரு தூவலுக்குப் பின்னும் நன்றாக உலரவிட்டேன்.

கூரையில் எஞ்சிய லேசான மங்கலை மிக நுண்ணிய 2000 கிரிட் வாட்டர் பேப்பரால் தேய்த்துப் போக்கினேன். கடைசியாக மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டை மட்டும் மழைக்காலம் முடியும்வரை ஒத்திவைத்திருக்கிறேன்.