நாய் உண்ணியை வீட்டைவிட்டு விரட்டுவது எப்படி?

நாய்க்கு உண்ணி பிடித்துவிட்டது என்றதும் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். நன்றாகக் குளிப்பாட்டுகிறோம், கைக்கு அகப்பட்டதை எல்லாம் பிடுங்கித் தரையில் தேய்த்து நசுக்குகிறோம், வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். சில நாட்களில் பார்த்தால் அதே காதோரத்தில் மறுபடியும் கொத்தாக உட்கார்ந்திருக்கும். குளிப்பாட்டியதில் குறை ஒன்றும் இல்லை. உண்ணிகளில் பெரும்பங்கு நாயின் உடம்பில் இருப்பதே இல்லை. அவை உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன.

நம் ஊர் நாய்களைப் பிடிப்பது பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து வரும் ஆறு கால் குஞ்சு ஒரு நாயின் மேல் ஏறி இரத்தம் குடிக்கும், கீழே விழும், தோல் உரித்து எட்டுக் காலுடன் வளரும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும். முழு வளர்ச்சி பெற்றபின் மூன்றாம் முறை ஏறும். வயிறு நிறையக் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போல உப்பிச் சாம்பல் நிறமாகிவிடும். அது கீழே இறங்கி, சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துப்போகும். நான்காயிரம் வரைகூட இடுவதுண்டு. வெப்பமான ஊர்களில் இந்தச் சுழற்சி முழுவதும் இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் காத்திருக்கும்.

ஆகவே ஒரு நாள் வேலையாக இதை நினைக்காதீர்கள். நாய், வீடு இரண்டுக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் செய்து, குறைந்தது மூன்று நான்கு மாதங்கள் விடாமல் தொடர வேண்டும்.

முதல் படி: தேடுதல்

நல்ல வெளிச்சத்தில் நாயைப் படுக்க வையுங்கள். முடியின் மேலாகத் தடவினால் எதுவும் தெரியாது. விரல் நுனியால் முடியை எதிர்த் திசையில் ஒதுக்கித் தோலைப் பார்க்க வேண்டும். காது மடலின் உட்புறம், காதின் அடியில் இருக்கும் சிறு மடிப்பு, கழுத்துப் பட்டையின் கீழ், அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி, கண் இமையோரம் ஆகிய இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது கால் விரல் இடுக்குகளைத்தான். ஒவ்வொரு பாதத்தையும் கையில் ஏந்தி, கட்டைவிரலால் விரல்களை அகட்டிப் பாருங்கள். அடிப்பஞ்சுகளுக்கு நடுவே, நகத்தின் வேரோரம் சின்னஞ்சிறு உண்ணிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். நாய் பாதத்தை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: பிடுங்குதல்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நுனி கூர்மையான இடுக்கியால் உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், வாய் தோலில் புதைந்திருக்கும் இடத்தை ஒட்டிப் பிடியுங்கள். பிறகு நேராக மேல்நோக்கி, சீரான விசையில் மெதுவாக இழுங்கள். தோல் சற்றுக் கூடாரமாக எழும்பும். அப்படியே பிடித்திருந்தால் உண்ணி தானாகவே பிடியை விட்டுவிடும். திருகவோ வெடுக்கென்று இழுக்கவோ கூடாது. கடித்த இடத்தில் கிருமிநாசினி தடவுங்கள். சிறு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலும் தோண்டாதீர்கள், பெரும்பாலும் அது தானே வெளியேறிவிடும்.

எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்கக் கூடாது. அதன் உடம்பில் நோய்க்கிருமி இருக்கலாம். ஒரு கிண்ணத்தில் ஆல்கஹால் கரைசலோ, அது இல்லாவிட்டால் கெட்டியான சோப்புத் தண்ணீரோ வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அதில் போட்டு மூடிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துத் தேய்ப்பது எல்லாம் இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. மண்ணெண்ணெய் தோலை வெந்துபோகச் செய்யும். கற்பூரம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, அவை உடம்பை நக்கும்போது உள்ளே போய்விடும். வாயில்லா ஜீவனுக்கு இந்த வேதனை வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் படி: மருந்து

கையால் பிடுங்குவது அவசரத்துக்கு மட்டுமே. உண்மையான வேலையை மருந்துதான் செய்யும். மருந்துக் கடைக்குப் போகும் முன் நாயின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும். எல்லா அளவும் எடையை வைத்துத்தான்.

முதல் வகை, கழுத்தின் பின்புறம் தோலில் விடும் சொட்டு மருந்து. ஃபிப்ரோனில் இதில் பரவலாகக் கிடைப்பது. முடியைப் பிரித்து, தோல் தெரியும் இடத்தில், நாயின் நாக்கு எட்டாதவாறு விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டக் கூடாது.

இரண்டாவது வகை, வாய்வழி மாத்திரை. அஃபாக்சோலனர், சரோலனர் மாதம் ஒருமுறை கொடுப்பவை. ஃப்ளூராலனர் பொதுவாகப் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை. விலை கூடுதல்தான். ஆனால் வீட்டில் உண்ணி நிறைந்துவிட்ட நிலையில் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இந்த மருந்து நாயின் இரத்தத்தில் இருக்கும். உண்ணி கடித்துக் குடித்தால்தான் சாகும். மாத்திரை கொடுத்த பிறகும் உடம்பில் உண்ணி தெரிகிறதே என்று பலர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சுவரிலிருந்து புதிதாக ஏறியவை அவை. ஓரிரு நாளில் செத்து உதிரும், முட்டையிட அவற்றுக்கு நேரம் கிடைக்காது. நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் இந்த வகை மாத்திரையைத் தொடும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாட்டுக்கு வாங்கி வைத்த மருந்தைக் கண்ணளவில் கலந்து நாயின் மேல் ஊற்றுவதை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். அளவு தவறினால் வாயில் நுரை தள்ளி, நடுக்கம் கண்டுவிடும்.

பூனை இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. நாய்க்கான சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிரையே பறித்துவிடும். பூனையின் மேல் தடவ வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து காயாத நாயோடு உரசிப் படுத்தாலே ஆபத்து. அமிட்ராஸ் மருந்தும் பூனைக்கு ஆகாது. பூனைக்கென்று தனியாகத் தயாரித்ததை மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: வீடு

பழுப்பு நாய் உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு. தரையைத் துடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரைக் கீழிருந்து மேலாக டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சு உரிந்த இடம், கதவு நிலைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட கோடு, மின்சுவிட்சுப் பலகையின் ஓரம், திரைச்சீலையின் மடிப்பு, கூண்டின் மரப்பலகை இடுக்கு என எங்கும் இருக்கலாம்.

நாயின் படுக்கைத் துணிகளைக் கொதிக்கும் வெந்நீரில் முக்கித் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். பழைய சாக்கை எரித்துவிடுவதே நல்லது. விரிசல்களைச் சிமெண்டாலோ பட்டியாலோ அடைத்து, மேலே வெள்ளையடியுங்கள். இதற்கு ஆகும் செலவு மருந்துச் செலவை மிச்சப்படுத்தும். அதன் பிறகும் குறையவில்லை என்றால் பூச்சி ஒழிப்பு ஆட்களை அழைத்துச் சுவருக்கு மருந்து தெளிக்கலாம். தெளிக்கும்போதும் அது முழுவதும் காயும்வரையும் நாய், பூனை, குழந்தைகள் யாரும் அங்கே இருக்கக் கூடாது. மீன் தொட்டி இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். முதல் தெளிப்பில் முட்டைகள் தப்பிவிடும். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை தேவைப்படும்.

ஐந்தாம் படி: காய்ச்சலைக் கவனித்தல்

உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகளை நாயின் உடம்பில் ஏற்றிவிடும். இவற்றில் பபேசியாவுக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. பபேசியா கிப்சோனி என்ற வகையைப் பாட்டன் என்ற ஆய்வாளர் 1910-இல் முதன்முதலாக விவரித்தது, மெட்ராஸ் வேட்டைக் குழுவின் நாய்களுடைய இரத்தத்தில் கண்டுதான்.

நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா? படி ஏறத் தயங்குகிறதா? மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தால், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், மூக்கில் இரத்தம் வந்தால், சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் நம்மைவிடக் கூடுதல், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். ஆகவே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 103-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே எமன். மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எவ்வளவு, எந்தக் கிருமி என்பது தெரிந்தாக வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாட்கள் கொடுப்பார்கள். பபேசியாவுக்கு அது மட்டும் போதாது, வேறு மருந்து தேவை. மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அப்போது மருந்தை நிறுத்தினால் எர்லிக்கியா உள்ளே பதுங்கி, பிறகு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம். செலவை நினைத்துத் தயங்குபவர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு முதலில் போகலாம்.

வீட்டு மனிதர்களில் யாருக்காவது தடிப்புடன் காய்ச்சல் வந்தாலும், வீட்டில் உண்ணி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த உண்ணி மனிதரைக் கடிப்பது அரிது, ஆனால் கடிப்பதுண்டு.

வாசலில் நீங்கள் சோறு வைக்கும் தெரு நாயும் இந்தக் கணக்கில் சேரும். அது படுக்கும் திண்ணையிலிருந்துதான் உண்ணி உள்ளே வருகிறது. துரத்திவிட்டால் இன்னொரு வாசலுக்குப் போகும், அங்கும் உண்ணி பெருகும். அதன் எடையைக் குத்துமதிப்பாக மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவுற்றதா, பால் கொடுக்கும் தாயா என்பதையும் சேர்த்துச் சொல்லி அதற்கேற்ற மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, அது முழுவதும் விழுங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.