பேச்சில் அலட்டலைக் குறைப்பது எப்படி?

தலைக்கனம் பெரிய பேச்சில்தான் வெளிப்படும் என்றில்லை. அடுத்தவர் சொன்ன ஒரு வரிக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதிலேயே தெரிந்துவிடும். திருத்தமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். எதிரில் இருப்பவரின் சம்மதத்தோடு 10 நிமிடப் பேச்சை போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது 'நான்' என்ற சொல்லை மட்டும் எண்ணினால் போதாது. தமிழில் அது வினையின் வாலில் ஒளிந்திருக்கும்: சொன்னேன், முடிச்சேன், அப்பவே நினைச்சேன். அவற்றையும் எண்ணுங்கள்.

அடுத்து, உங்கள் பதில்களை இரண்டாகப் பிரியுங்கள். பேச்சைத் தன் பக்கம் திருப்பும் பதில், சொன்னவரிடமே நிறுத்தும் பதில் என்று சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் பிரித்துக் காட்டியது இதைத்தான். "ரெண்டு நாளா முதுகு வலிக்குது" என்கிறார் ஒருவர். "எனக்குப் போன வருஷம் எழுந்திருக்கவே முடியல" என்றால் திருப்பிவிட்டீர்கள். "உட்காரும்போதா, குனியும்போதா?" என்றால் பேச்சு அவரிடமே இருக்கிறது. திருப்பும் பதில்கள் பாதிக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டிய நிலை. (பாதி என்பது எங்கள் கணக்கு; விதியல்ல.)

பயிற்சி எளிது. நம் கதை நாக்கு நுனிக்கு வந்தாலும், அதற்கு முன் இரண்டு கேள்விகள். இரண்டாவது கேள்வி, முதல் பதிலிலிருந்து பிறக்க வேண்டும். அப்படிப் பிறக்காவிட்டால் நாம் காதுகொடுத்துக் கேட்கவில்லை, நம் முறைக்காகக் காத்திருந்தோம் என்று பொருள். நம் அனுபவத்தில் அவருக்கு உதவும் தகவல் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். இரண்டு வாக்கியத்தில் முடித்து அவரிடமே திரும்புங்கள்.

கூட்டு வேலையில் சிக்கல் வேறு. ராஸ், சிக்கோலி என்ற உளவியலாளர்கள் 1979-இல் தம்பதிகளிடம் வீட்டு வேலையில் அவரவர் பங்கைத் தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் கூட்டுத்தொகை 100 சதவீதத்தைத் தாண்டியது. நாம் செய்தது நினைவில் நிற்கிறது, மற்றவர் செய்தது கண்ணில் படுவதில்லை. எனவே பங்கைப் பற்றிப் பேசும் முன் மற்றவர்கள் செய்தவற்றைப் பெயரோடு எழுதுங்கள். நம்முடையது கடைசியில்.

பலர் வழுக்குவது பொய்ப் பணிவில். "எனக்கு என்ன தெரியும்" என்று இழுத்தால், எதிரில் இருப்பவர் மறுத்துப் புகழ வேண்டியதாகிறது. பேச்சு மறுபடி நம்மிடமே வந்துவிடுகிறது. யாராவது பாராட்டினால் "நன்றி" போதும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி பதிவு செய்யுங்கள். அதே ஆளோடு பேசுங்கள். ஆள் மாறினால் எண்ணிக்கையும் மாறிவிடும்.