பிஸ்டலின் காலித் தோட்டாக்களைப் பிடிக்க ஒரு திரை: வீட்டிலேயே செய்யலாம்

காலித் தோட்டாவை (சுட்டபின் வெளியே விழும் பித்தளை உறையை)ச் சேர்த்துவைத்து ரீலோடிங் செய்பவர்கள், அதாவது அதில் மறுபடி மருந்தும் குண்டும் அடைப்பவர்கள், எல்லோரும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் படும் பாடு ஒன்றுதான். சுடும் நேரத்தை விடக் குனிந்து பொறுக்கும் நேரம் அதிகம். 9 மி.மீ. காலித் தோட்டா மொத்தமே 19 மி.மீ. நீளம், புல்லில் விழுந்தால் கண்ணில் படாது, சரளைக்கல்லில் விழுந்தால் நசுங்கும். சுடுபவர்கள் நிற்கும் ஃபயரிங் லைனுக்கு முன்னால் விழுந்த பித்தளை ரேஞ்சுக்கே சொந்தம் என்று அமெரிக்காவில் பல ரேஞ்சுகளில் விதியும் உண்டு. நான் டெக்சாஸில் திறந்தவெளி ரேஞ்சில் சுடுகிறேன். அங்கே பயன்படுத்த நான் செய்துகொண்ட திரையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

ஒரு விஷயம். இது அமெரிக்க ரேஞ்சுகளை வைத்து எழுதியது. எல்லா நாட்டிலும் காலித் தோட்டாவை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. சிங்கப்பூரில் தேசிய சேவை செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: தோட்டாவோ காலித் தோட்டாவோ என்னிடம் இல்லை என்று உரக்க அறிவித்துவிட்டுத்தான் ரேஞ்சை விட்டுக் கிளம்ப முடியும். உங்கள் ஊர் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஸ்டலில் எதையும் மாட்டாதீர்கள்

தென் கொரிய ராணுவத்தில் ரைஃபிளின் பக்கவாட்டில் ஒரு பையை மாட்டிக் காலித் தோட்டாக்களைப் பிடிக்கிறார்கள். ரைஃபிளில் அதற்கு இடம் இருக்கிறது. பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு (மேலே நகரும் பகுதி) முழுவதும் பின்னால் போய்த் திரும்ப வேண்டும். பக்கத்தில் பை இருந்தால், வெளியே வந்த காலித் தோட்டா அதில் மோதித் திரும்பி ஸ்லைடிலேயே சிக்கிக்கொள்ளும். மணிக்கட்டில் வலை கட்டிக்கொள்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. துப்பாக்கியைப் பிடிக்கும் விதமே மாறிப்போகிறது. நண்பரை வலையோடு பக்கத்தில் நிறுத்துவது கூடவே கூடாது. தனியாக நிற்கும் திரைதான் சரி.

எங்கே விழுகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான பிஸ்டல்கள் வலப்பக்கமாகப் பின்னோக்கி வீசும். எல்லாமே அப்படி இல்லை. பழைய வால்தர் பி-38 இடப்பக்கம் வீசும். ஒரே துப்பாக்கியிலும் தோட்டாவின் வேகம், ஸ்பிரிங், நீங்கள் பிடிக்கும் இறுக்கம் இவற்றைப் பொறுத்து விழும் இடம் மாறும். எனவே குழாயை அறுக்கும் முன் ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள். நண்பர் உங்களுக்குப் பின்னால் தள்ளி நின்று ஃபோனில் ஸ்லோமோஷனில் பிடித்தால் போதும், எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் பறக்கிறது என்று தெளிவாகத் தெரியும். தரையில் விழுந்து கிடக்கும் இடத்தை மட்டும் நம்ப வேண்டாம், அங்கே உருண்டும் வந்திருக்கும்.

சட்டம்

அரை அங்குல பிவிசி பைப், பத்தடி நீளத்தில் இரண்டு. எல்போ 2, டீ 4, மூடி 4. கேமரா டிரைபாடில் கட்டலாம், மைக் ஸ்டாண்டில் கட்டலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு பிவிசிதான். விலை குறைவு, கழற்றி காரில் போடலாம், ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

இரண்டு அடியில் இரண்டு துண்டு குறுக்கே வைக்க, இரண்டரை அடியில் இரண்டு துண்டு நிமிர்ந்து நிற்க, அதற்கடியில் வைக்க அரை அடியில் இரண்டு, காலுக்கு முக்கால் அடியில் நான்கு. மேல் குறுக்கு பைப்பை எல்போ வைத்து நிமிர்ந்த பைப்புகளில் மாட்டுங்கள். அந்தப் பைப்புகளின் அடியில் டீ, டீக்கு டீ இன்னொரு குறுக்கு பைப், அதற்குக் கீழே அரை அடித் துண்டுகள். கடைசி இரண்டு டீயும் படுத்த வாக்கில். அவற்றின் முன்னும் பின்னும்தான் கால்கள். கால்களுக்குள் மணல் நிரப்பி மூடி போடுங்கள், லேசான காற்றுக்கு நிற்கும். பசை வேண்டாம். மூன்றடி உயர பெஞ்சின் மேல் வைத்தால் சட்டத்தின் உச்சி ஆறடிக்கு மேல் வரும், நின்று சுட அது போதும்.

துணி: எல்லாமே இதில்தான் இருக்கிறது

சட்டத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். திரை பிடிக்கிறதா, திருப்பி அடிக்கிறதா என்பது துணியைத் தொங்கவிடும் விதத்தில் இருக்கிறது. சட்டம் செய்தவுடன் நாலு பக்கமும் இழுத்துக் கட்டத்தான் கை போகும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இழுத்துக் கட்டிய வலை கேரம் போர்டின் ரப்பர் மாதிரி. வந்த வேகத்திலேயே திருப்பி அனுப்பும். அட்டையும் பிளைவுட்டும் இன்னும் மோசம். சுட்ட சூட்டோடு திரும்பி வரும் பித்தளை சட்டைக் காலருக்குள் விழுந்தால், கையில் துப்பாக்கியோடு துள்ளிக் குதிக்க நேரும். அதுதான் உண்மையான ஆபத்து.

துணியின் வேலை வேகத்தைக் கொல்வது. இரண்டடிக் குறுக்கு பைப்புக்கு மூன்றடி அகலத் துணி எடுத்து, சுருக்கம் சுருக்கமாக மேலே மட்டும் பைண்டர் கிளிப்பால் மாட்டுங்கள். பக்கங்களைக் கட்டவே கட்டாதீர்கள். காலித் தோட்டா பட்டதும் துணி பின்னால் ஒரு சாண் போக வேண்டும். அது உள்ளே அமுங்கி, சுருக்கத்தோடு வழுக்கிக் கீழே இறங்கும். வீட்டிலேயே ஒரு காலித் தோட்டாவை வேகமாக வீசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்தத் துணி? பழைய பருத்தி பெட்ஷீட்டை விட நன்றாக வேகத்தை உறிஞ்சுவது எதுவும் இல்லை, சூட்டுக்கும் ஒன்றும் ஆகாது. காற்றடித்தால் மட்டும் பாய்மரம் போல இழுத்துக்கொண்டு போகும். காற்று உள்ள இடத்தில் வலை நல்லது. மெல்லிய நைலான் வலையில் சூடான பித்தளை ஒட்டி நின்றால் ஓட்டை விழலாம், கனமான வலையாகப் பாருங்கள். கண்களும் சிறியதாக இருக்கட்டும். துணி துவைக்கப் போடும் வலைப்பையின் பெரிய கண்களில் காலித் தோட்டாவின் விளிம்பு கொக்கி போல மாட்டிக்கொள்ளும்.

கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. ஐந்து அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம், கீழ்க் குறுக்கு பைப்புக்கு அடியில் நுழைய வேண்டும். உள்ளே ஒரு பழைய துண்டை விரித்து, திரையின் நுனி அதில் விழும்படி விடுங்கள். துண்டு இல்லாவிட்டால் தொட்டிக்குள் விழுந்ததே துள்ளி வெளியே வந்துவிடும்.

வைக்கும் இடம்

துப்பாக்கிக்கு வலப்பக்கம், சற்றுப் பின்னால், இரண்டரை மூன்றடி தள்ளி. சட்டத்தின் எந்தப் பகுதியும் குழல் முனைக்கு முன்னால் வரக் கூடாது. அடுத்த லேன்காரருக்கும் இடைஞ்சல் கூடாது. சீஸ்ஃபயர் நேரத்தில் (எல்லோரும் சுடுவதை நிறுத்தியிருக்கும்போது), ரேஞ்ச் ஆஃபீசரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அப்புறம், விழுந்ததா என்று பார்க்க உடம்பைத் திருப்பாதீர்கள்; உடம்போடு துப்பாக்கியும் திரும்பும். தவறி முன்னால் விழுந்ததை விட்டுவிடுங்கள்.

உள்ளரங்க ரேஞ்சில் இவ்வளவு தேவையில்லை. அங்கே காலித் தோட்டா பக்கத்துத் தடுப்பில் மோதித்தான் உங்கள் மேல் வருகிறது. அனுமதி வாங்கி அந்தத் தடுப்பில் ஒரு தடித்த துண்டைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் அப்படியே கீழே விழும்.

வீட்டுக்கு வந்ததும்

முதலில் காந்தம். பித்தளை மாதிரி பூச்சுப் பூசிய இரும்புத் தோட்டாக்களும் உண்டு, காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து லேனிலிருந்து வந்த .380 என்ற வேறு அளவுக் காலித் தோட்டா இருக்கிறதா என்று பாருங்கள், 17 மி.மீ. நீளம், 9 மி.மீ.யோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய .45 காலித் தோட்டாவுக்குள் 9 மி.மீ. போய் உட்கார்ந்துகொள்ளும், அதையும் தட்டி எடுங்கள்.

பெரும்பாலான பிரைமர்களில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) ஈயம் இருக்கிறது. அந்தத் தூசி திரையிலும் துண்டிலும் படியும். அவற்றை வீட்டுத் துணியோடு, முக்கியமாகக் குழந்தைகள் துணியோடு, போடவே போடாதீர்கள். சாப்பிடும் முன் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

இடக்கைக்காரர் ஒருவர் திரையை இடப்பக்கம் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். எந்தக் கையில் சுட்டாலும் துப்பாக்கி வீசும் பக்கம் மாறாது, வலப்பக்கமே வையுங்கள்.

நடந்துகொண்டே சுட்டுப் பழகுபவர்களுக்கு இந்தத் திரை உதவாது. தரையில் தார்ப்பாய் விரிக்கலாம், ஆனால் கால் வைக்கும் இடத்தைத் தவிர்த்து. உருளும் பித்தளை மேல் கால் வைத்தால் வழுக்கும்.

.22 சுடுபவர்கள் சிலரும் கேட்டார்கள். அதை ரீலோடிங் செய்ய முடியாது, இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மட்டும்தான் திரை. அவர்களுக்கு வலையை விட பெட்ஷீட்டே மேல், அவ்வளவு சின்ன உறை பெரிய கண்ணிருந்தால் நழுவிப் போய்விடும்.