நேபாள மலையூர்களில் ஊழியப் பயணம்: ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் காப்பது எப்படி?

நேபாளத்தின் மலையூர்களுக்கு ஊழியப் பயணமாகச் செல்லும் குழுவினர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே சபை கூடும் நாள் பெரும்பாலும் ஞாயிறு அல்ல, சனி என்பதாகும். அந்நாட்டின் வார விடுமுறை நெடுங்காலமாகச் சனிக்கிழமையாக இருந்து வந்ததால், 1950களில் உருவாகத் தொடங்கிய சபைகள் மக்களுக்கு வேலையில்லாத அந்த நாளையே ஆராதனைக்கு எடுத்துக்கொண்டன. இதைக் கேள்விப்படும் நம்மூர் விசுவாசிகள் சிலர், அவர்கள் ஏழாம் நாள் சபையாரோ என்று ஐயுறுவதுண்டு. ஆனால் இதில் உபதேச வேறுபாடு ஒன்றும் இல்லை. 2022ஆம் ஆண்டில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக அரசு ஞாயிற்றையும் விடுமுறையாக்கி, ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. விடுமுறை விதி எப்படி மாறினாலும், மலைச்சரிவில் மக்காச்சோளமும் கேழ்வரகும் பயிரிடும் குடும்பத்துக்கு ஞாயிறு ஒரு வேலைநாளே.

இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. சனிக்கிழமை ஆராதனையில் பாடி, சாட்சி சொல்லி, பிரசங்கித்து முடித்த குழு, இந்த வாரத்து ஆராதனை முடிந்துவிட்டது என்று எண்ணி, ஞாயிற்றுக்கிழமையை அடுத்த ஊருக்கு நடப்பதற்கோ, மருத்துவ முகாம் நடத்துவதற்கோ ஒதுக்கிவிடுகிறது. சனியும் உழைப்பாகிறது, ஞாயிறும் உழைப்பாகிறது. கோரக்பூர் வரை ஏறத்தாழ இரண்டு நாள் ரயிலிலும், சுனௌலி எல்லையிலிருந்து பேருந்திலும், பின்னர் ஜீப்பிலும் வந்து சேர்ந்த உடல்களுக்கு ஓய்வென்று ஒரு நாள்கூட வாய்ப்பதில்லை. பன்னிரு சீஷர் இருவர் இருவராக அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தபோது, வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகமாயிருந்ததால் சாப்பிடவும் அவர்களுக்கு நேரமில்லாதிருந்தது என்றும், அப்போது ஆண்டவர் அவர்களைத் தனியிடத்தில் இளைப்பாற அழைத்தார் என்றும் மாற்கு ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஊழியம் நன்றாக நடந்துகொண்டிருந்த வேளையிலேயே அந்த அழைப்பு வந்தது என்பதைக் குழுத் தலைவர்கள் கவனிக்க வேண்டும். சனிக்கிழமையை அந்த ஊர்ச் சபைக்கும், ஞாயிற்றுக்கிழமையைக் குழுவின் ஓய்வுக்கும் ஆராதனைக்கும் முழுமையாக விட்டுவிடுவதே இதற்குச் சரியான வழி.

இந்த ஒதுக்கீட்டை ஊரில் இருக்கும்போதே பயணத் திட்டத்தில் எழுதிவிட வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒவ்வொரு ஊரிலும் அன்போடு ஒரு அழைப்பு வரும்; மறுக்க மனம் வராது. ஞாயிற்றுக்கிழமையன்று எந்த ஊரில் தங்குவது என்பதைத் தீர்மானிக்கும்போது உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கணேஷ் ஹிமால் மலைத்தொடரின் அடிவாரத்தில், தாதிங் மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள தாமங் இனத்தவரின் ஊர்களில் பல 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்திலேயே இருப்பதால் அங்கே உயர நோய்க்குப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சமவெளியிலுள்ள நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் ஏறி, 2,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஹும்லா மாவட்டத்துச் சிமிகோட்டில் இறங்கும் குழுவின் நிலை வேறு. 2,500 மீட்டருக்கு மேலே சென்றால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை தோன்றக்கூடும். 3,000 மீட்டருக்கு மேலே, இரவில் தங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மேலே ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தில் நிலைபெற்ற விதிகள். அந்தத் தங்கும் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும்படி பயணத்தைத் தொடங்கினால் உடல் கேட்கும் ஓய்வும் கட்டளை கேட்கும் ஓய்வும் ஒன்றாகிவிடும். புறப்படும் நாளை ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக மாற்றினாலே இது பெரும்பாலும் அமைந்துவிடும்.

சனிக்கிழமை ஆராதனைக்கு விருந்தினராகச் செல்லுங்கள். ஆராதனை பொதுவாகக் காலை உணவுக்குப் பின் தொடங்கி நண்பகலைத் தாண்டும். தொலைவிலிருந்து நடந்து வருகிறவர்கள் இருப்பதால் குறித்த நேரத்தில் தொடங்கவில்லையென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, இரு கைகளையும் கூப்பி ‘ஜய் மசீ’ என்று வாழ்த்துச் சொல்ல வேண்டும். பல ஊர்ச் சபைகளில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறு பக்கமுமாகத் தரையில் அமர்கின்றனர், பெண்கள் முக்காடிட்டுக்கொள்கின்றனர். நம் தென்மாவட்டத்துப் பழைய சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இவை புதியவை அல்ல. மாதல் என்னும் கைமுழவும் கிதாரும் சேர்ந்து ஒலிக்கும் பஜனைப் பாடல்களுக்குக் கைதட்டத் தெரிந்தால் போதும். 2015 ஏப்ரல் 25ஆம் தேதி, கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் பகுதியை மையமாகக் கொண்டு நிலநடுக்கம் ஏற்பட்டது ஒரு சனிக்கிழமை முற்பகல் 11:56 மணிக்கு. சபைகள் ஆராதனையில் கூடியிருந்த வேளை அது. மண்சாந்தில் கல் அடுக்கிக் கட்டிய ஆலயங்கள் சிலவற்றில் ஆராதித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே இடிபாட்டில் சிக்கினர். ஆகவே குழுவினரின் மூட்டைகளை வாசலருகே குவித்து வழியை அடைக்காதீர்கள்; இடம் குறைவாக இருந்தால் இளைஞர்கள் வெளியே நின்றுகொள்ளலாம்.

பிரசங்கம் செய்யும்படி கேட்டால், நீங்கள் ஆயத்தம் செய்ததில் பாதியைப் பேசுங்கள். இந்தி பலருக்கும் புரியும் என்றாலும், தாமங் மொழியையே வீட்டில் பேசும் மூதாட்டிகளுக்கு அது எட்டாது. தமிழிலிருந்து நேபாளிக்கும், நேபாளியிலிருந்து தாமங் மொழிக்கும் இரட்டை மொழிபெயர்ப்பு தேவைப்படும் ஊர்களில் பதினைந்து நிமிடச் செய்தி முக்கால் மணி நேரமாக நீளும். குழுவிலுள்ள எல்லாரும் ஒருமுறையாவது மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்வது எனக்கு உடன்பாடன்று. உள்ளூர் மூப்பரின் செய்தியைக் கேட்பதற்காகவும் நாம் சென்றிருக்கிறோம். காணிக்கையை நேபாள ரூபாயாக, சபையின் காணிக்கைப் பையிலேயே இடுங்கள். தனி ஆள் கையில் பணம் திணிப்பது அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தச் சபைக்குள் மனத்தாங்கலை உண்டாக்கும்.

ஞாயிற்றுக்கிழமையின் வேலைகளைச் சனிக்கிழமை மாலையிலேயே முடித்துவிட வேண்டும். துணி துவைத்தல், குடிநீரைக் கொதிக்கவைத்து நிரப்பி வைத்தல், மருந்துப் பெட்டியைச் சரிபார்த்தல், மறுநாள் உணவைப் பற்றி வீட்டாரிடம் பேசிவிடுதல் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. (மழைக்குப் பின் வெயில் ஞாயிறன்றுதான் தலைகாட்டுகிறது என்றால் துவைத்துக்கொள்ளுங்கள், ஈரத் துணியோடு 2,500 மீட்டர் உயரத்தில் இரவைக் கழிப்பதில் பரிசுத்தம் ஒன்றும் கூடுவதில்லை.)

உணவைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நிற்காமல், வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மிருகஜீவனையும் வாசல்களில் இருக்கிற அந்நியனையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. நாம் ஓய்ந்திருக்கும் ஞாயிறன்று, பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளை சமைப்பதற்காக ஒரு வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து விறகும் தண்ணீரும் சுமந்தால், அந்த ஓய்வு யார் தலையில் ஏற்றப்பட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மலைநாட்டு வழக்கமே இதற்கு வழிகாட்டுகிறது: அங்கே காலை ஒன்பது, பத்து மணியளவில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பருப்பும் சோறும் உண்பார்கள்; இடையில் அவல், வறுத்த மக்காச்சோளம், அவித்த உருளைக்கிழங்கு போன்ற சிற்றுணவோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த முறையையே ஏற்றுக்கொண்டு, நண்பகலுக்குத் தனியாக உலை வைக்க வேண்டாம் என்று தாழ்மையாகச் சொல்லிவிடுங்கள். பாத்திரம் கழுவவும் தண்ணீர் கொண்டுவரவும் குழுவின் ஆண்கள் முன்வரட்டும்; ஆனால் அடுப்படிக்குள் அந்நியர் நுழைவதைச் சில வீடுகளில் விரும்புவதில்லை என்பதால், ‘தீதி (அக்கா), உள்ளே வரலாமா?’ என்று கேட்டபின் செல்லுங்கள். சுமை தூக்குவோருக்கும் வழிகாட்டிக்கும் ஓய்வுநாளுக்கான முழுக் கூலியைக் கொடுக்க வேண்டும். வாரம் முழுதும் உங்கள் வாயாக இருந்து பேசிய மொழிபெயர்ப்பாளரை ஞாயிறன்று பேச அழைக்காதீர்கள். குழுவில் எவரையும்விட அவருக்கே ஓய்வு அதிகம் தேவை.

குழுவின் ஆராதனை ஒரு மணி நேரத்துக்குள் அமைவது நல்லது. காலை உணவுக்குப் பின், வெயில் விழும் அறையிலோ கூரையின் கீழோ கூடி, இரண்டு பாமாலைப் பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு சுவிசேஷ வாசிப்பு, மௌனம், ஜெபம் என்று எளிய ஒழுங்கில் நடத்தலாம். மலைக்கு வந்த எல்லாக் குழுவும் 121ஆம் சங்கீதத்தையே வாசிக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் ஓய்வுநாளுக்குரிய பாட்டு என்று தலைப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும் 92ஆம் சங்கீதம் அன்றைக்கு இன்னும் பொருத்தமானது. பிரசங்கத்தை விட்டுவிடுங்கள். திருவிருந்தைப் பொறுத்தவரை உங்கள் சபையின் ஒழுங்கையே பின்பற்ற வேண்டும்; குருவானவர் உடன் வராத தென்னிந்தியத் திருச்சபைக் குழு, மலை உச்சி என்பதற்காக விதியைத் தளர்த்திக்கொள்ளாமல் காலை ஜெப ஒழுங்கோடு நிறைவடையலாம். நம் ஊர்ச் சபையின் நேரலையைக் கைப்பேசியில் காண விரும்புவோர் நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது என்பதை நினைவிற்கொள்ளவும். ஆயினும் மலையூரில் சமிக்ஞை தேடிச் சரிவில் ஏறி இறங்குவது ஓய்வுக்குப் பகை என்பது என் கருத்து.

பாட்டின் ஓசையிலும் படம் எடுப்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவராயின் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பப்படுவர். இந்தியருக்கு விசா தேவையில்லை என்பது இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிப்பதில்லை. விடுதியின் பொது உணவறையிலோ தேநீர்க் கடை முற்றத்திலோ கிதாரோடு பாடுவதை வெளியாரை ஈர்க்கும் முயற்சியாக எவரும் புகார் செய்யக்கூடும். அறைக்குள் அடங்கிய குரலில் பாடுங்கள். சனிக்கிழமை எடுத்த படங்களை ஞாயிறன்று ஓய்வாக உட்கார்ந்து முகநூலிலும் வாட்ஸாப் குழுக்களிலும் ஏற்றுவது பலரின் வழக்கம். உள்ளூர் விசுவாசிகளின் முகமும் ஊர்ப் பெயரும் சேர்ந்து வெளியாகும் படம், நாம் ஊர் திரும்பிய பின் அவர்களையே தொல்லைக்குள்ளாக்கும். அன்று கைப்பேசிகளை ஒரு பையிலிட்டுத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்கு ஒருமுறை நலம் சொல்ல மட்டும் எடுத்துக்கொள்வது இரண்டு வகையிலும் நன்மை.

பிற்பகலைத் திட்டமிடாமல் விட வேண்டும். தூங்குகிறவர்கள் தூங்கட்டும், கொப்புளம் கண்ட பாதங்களைக் கழுவி உலரவிடட்டும், கடிதம் எழுதட்டும். நடக்க விரும்புவோர் ஊர் எல்லைக்குள் மெதுவாக நடந்து வரலாம். குழுக் கலந்தாய்வு, அறிக்கை எழுதுதல், செலவுக் கணக்கு, அடுத்த ஊரின் நிகழ்ச்சி நிரல் ஆகிய எதையும் அன்று எடுக்கலாகாது. ‘ஐந்தே நிமிடம் பேசிவிடுவோம்’ என்று தலைவர் தொடங்கினால் அன்றைய மாலை போயிற்று. நோயாளி எவரேனும் வாசலுக்கு வந்தால் மட்டும் மருந்துப் பெட்டியைத் திறக்கத் தயங்க வேண்டாம். ஓய்வுநாளில் நன்மை செய்வது நியாயம் என்பது சுவிசேஷத்திலேயே தீர்க்கப்பட்ட கேள்வி.

உயரமான ஊராக இருந்தால், இரவு உணவுக்கு முன் தலைவர் ஒவ்வொருவரிடமும் தலைவலியும் குமட்டலும் உண்டா என்று தனித்தனியே கேட்க வேண்டும்; இளைஞர்கள் பலர் முன்னிலையில் உண்மையை மறைப்பார்கள். அறிகுறி இருப்பவர் திங்களன்று மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, அசையாமல் இருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, விடியும் வரை காத்திராமல் துணையோடு அன்றிரவே அவரைக் கீழே இறக்கத் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்குத் திங்கள் புறப்பாட்டு நேரம் சனிக்கிழமையே அறிவிக்கப்பட்டிருக்குமாதலால், மூட்டை கட்டுவதை விடியற்காலைக்கு விட்டுவிட்டு உறங்கச் செல்லலாம்.